ஆறு மணி நேரம், ஆறு மாதம்

முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியாவில் 53. உலகின் பிற பகுதிகளில் 58.8. இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில் திரட்டிய தரவிலிருந்து 2007-ல் வெளியான கணக்கு இது. இடைவெளி ஏறக்குறைய 6 ஆண்டுகள். 53 வயதில் பல தமிழ்க் குடும்பங்களில் கடைசிப் பிள்ளையின் படிப்பு முடிந்திருக்காது, அல்லது மூத்த பெண்ணின் கல்யாணக் கடன் அடைந்திருக்காது.

1990-ல் இந்தியாவில் நேர்ந்த மரணங்களில் 15.2 சதவீதம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்தவை. 2016-ல் அது 28.1 சதவீதம். தமிழ்நாட்டில் 2020-ல் எடுக்கப்பட்ட ஸ்டெப்ஸ் என்ற கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு.

இந்த எண்களை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், 2011 கணக்கெடுப்பில் 73,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரம். மணிமுத்தாற்றங்கரைக் கோயிலும் ரயில் சந்திப்பும் போக, வெளியூர்க்காரர்கள் இதை அறிவது பீங்கானால். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்கு அடித்தளம். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை முதலியவை சிறு கூடங்களில் உருவாகின்றன.

இதயத் தமனி நோய் என்பது, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சேர்ந்து படிவது. படிவு வளர 20, 30 ஆண்டுகள் ஆகும். ஒரு நாள் படிவின் மேல்மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி குழாயை அடைத்தால் அது மாரடைப்பு. படிவு வளரும் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

பீங்கான் கூடத்திலிருந்து தொடங்குவோம். வழக்கமான பீங்கான் கலவையில் பாதி களிமண், கால் பங்கு குவார்ட்ஸ், கால் பங்கு ஃபெல்ஸ்பார். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. நீரில் கரைத்த குழம்பாக அச்சில் ஊற்றும்போது அதிலிருந்து தூசு எழாது. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும். காய்ந்த பொம்மையின் விளிம்பைச் சுரண்டித் தேய்க்கும்போது எழும். வேலை முடிந்து தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது மறுபடி எழும். கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடி வரை போகும். அது கண்ணுக்குத் தெரியாது.

இதனால் வரும் நுரையீரல் நோய் சிலிக்கோசிஸ். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் இதய நோய் இல்லை. இதயத்தையும் இந்தத் தூசு தொடுகிறது என்பதற்கான பெரிய சான்று சட்டம் வந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகே கிடைத்தது. சீனாவில் 29 சுரங்கங்களிலும் மண்பாண்டத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த 74,040 தொழிலாளர்களை 1960 முதல் 2003 வரை பின்தொடர்ந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. சிலிக்கா தூசு ஒரு கனமீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் இருக்கும் இடத்தில் ஓராண்டு வேலை செய்வதை ஓர் அலகு என்று வைத்தால், ஒவ்வோர் அலகுக்கும் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 3.1 சதவீதம் கூடியது.

3.1 என்பது சிறிய எண். ஆனால் அது ஆண்டுதோறும் சேர்வது. காற்றில் 0.1 மில்லிகிராம் உள்ள கூடத்தில் 30 ஆண்டு வேலை செய்தால் 3 அலகு. அபாயம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். 0.5 மில்லிகிராம் உள்ள கூடத்தில் 20 ஆண்டு என்றால் 10 அலகு. அபாயம் 36 சதவீதம் கூடும்.

நுரையீரலில் விழுந்த கல்தூள் இதயத்தின் குழாயை எப்படித் தொடுகிறது? வெள்ளை அணுக்களுக்குள் ஒரு புரதக் கூட்டமைப்பு இருக்கிறது. அந்நியப் பொருள் நுழைந்தால் அழற்சியைத் தொடங்கிவைப்பது அதன் வேலை. சிலிக்கா படிகம் அதைத் தூண்டுகிறது என்று 2008-ல் கண்டார்கள். தமனிச் சுவரில் சேரும் கொலஸ்ட்ரால் படிகமும் அதே அமைப்பைத் தூண்டுகிறது என்று 2010-ல் கண்டார்கள். வாசல் வேறு, உள்ளே அடிக்கும் மணி ஒன்றே. அந்த மணியால் வெளிப்படும் அழற்சிப் பொருள்களில் ஒன்றை மட்டும் மருந்தால் தடுத்து, மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் சோதித்தார்கள். கேன்டோஸ் என்ற அந்தச் சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. கொழுப்பின் அளவு மாறாமலேயே, அழற்சி மட்டும் குறைந்ததால், மறு மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அழற்சி தனியாகவே ஆபத்து என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு சொல்வதால் மட்டும் ஒருவர் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாது.

சூளைப் பக்கம் இன்னொன்று உண்டு. எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். இதயத் தமனி நோய் உள்ள 63 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 1989-ல் வெளியானது. ரத்தத்தில் இந்த வாயு 2 சதவீதத்தை எட்டியபோது, உடற்பயிற்சியில் இதயம் திணறுவதற்கான இசிஜி மாற்றம் 5.1 சதவீதம் முன்னதாகத் தெரிந்தது. 3.9 சதவீதத்தை எட்டியபோது 12.1 சதவீதம் முன்னதாக. பீடி பிடிப்பவரின் ரத்தத்தில் இந்த வாயு ஏற்கெனவே இருக்கிறது. பீடி சிகரெட்டைவிடச் சாது என்ற எண்ணத்துக்கு இன்டர்ஹார்ட் தரவில் ஆதாரமில்லை. புகைப்பவருக்கு மாரடைப்பு அபாயம் பொதுவில் 2.95 மடங்கு. பீடி மட்டும் பிடிப்பவருக்கு 2.89 மடங்கு. புகையிலை மட்டும் மெல்பவருக்கு 2.23 மடங்கு.

தூசும் புகையும் வெளியிலிருந்து வருபவை. பிறக்கும்போதே வருவது வேறு. ஸ்வீடனில் 21,004 இரட்டையரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1994-ல் வெளியானது. இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்குள் இதயத் தமனி நோயால் இறந்திருந்தால், ஒரே கருவிலிருந்து பிறந்த அவருடைய சகோதரர் அதே நோயால் இறக்கும் அபாயம் 8.1 மடங்கு. இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர் என்றால் 3.8 மடங்கு. மரணம் எவ்வளவு இளவயதில் நேர்ந்ததோ, மரபணுவின் பங்கு அவ்வளவு அதிகம். 80 வயதில் மாரடைப்பில் இறந்த தாத்தா பேரனைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 48 வயதில் இறந்த அப்பா சொல்கிறார்.

மரபில் வரும் கூறுகளில் இரண்டு தெற்காசியாவில் தனிக்கவனம் பெற வேண்டியவை. ஒன்று லிப்போபுரோட்டீன்-ஏ. கெட்ட கொழுப்பு என்று பொதுவில் சொல்லப்படும் எல்டிஎல் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிய வடிவம் அது. அதன் அளவைப் பெருமளவு மரபணுவே தீர்மானிக்கிறது. பத்தியமும் நடைப்பயிற்சியும் அதை அதிகம் அசைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் தெற்காசியருக்கு மாரடைப்பு வாய்ப்பு 2.14 மடங்கு என்று 2019-ல் இன்டர்ஹார்ட் தரவு காட்டியது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது சேராது. தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்னொன்று குடும்ப வழி மிகைக்கொழுப்பு. ஈரலால் எல்டிஎல் துகளை ரத்தத்திலிருந்து போதிய அளவு விலக்க முடியாத மரபணுக் கோளாறு அது. உலக அளவில் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால், இந்தக் கோளாறு உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயத் தமனி நோய் வெளிப்படும். இந்தக் கோளாறு உள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பக்கக் கோளாறும் சேர்ந்து வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பிறந்த குழந்தைக்கு 20 வயதுக்கு முன்பே மாரடைப்பு வரலாம். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த கோளாறு இருபுறமும் இருப்பதற்கான வாய்ப்பு அங்கே கூடுகிறது.

மரபணு தலையெழுத்து என்று எடுத்துக்கொள்வதற்கும் தரவு இடம் தரவில்லை. 55,685 பேரின் தரவை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், மரபணு அபாயம் மிக அதிகமாக இருந்தவர்களில் புகைக்காமை, எடை கூடாமை, உடலசைவு, சரியான உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 46 சதவீதம் குறைவாக நேர்ந்தன. அதில் ஒரு குழுவில், 10 ஆண்டு அபாயம் 10.7 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாக இறங்கியது. மரபணுவை மாற்றாமலேயே அபாயம் பாதியானது.

படிவு கிழிந்த பிறகு கணக்கு ஆண்டுகளில் இல்லை, நிமிடங்களில்.

நாய்களின் இதயத் தமனியை அடைத்துத் திறந்த சோதனை ஒன்று 1977-ல் வெளியானது. இதயநோய் மருத்துவத்தின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று அது. 40 நிமிடம் அடைத்து வைத்தபோது, அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் 38 சதவீதம் இறந்தது. 3 மணி நேரத்தில் 57 சதவீதம். 6 மணி நேரத்தில் 71 சதவீதம். திறக்காமலே விட்டபோது 85 சதவீதம். இறந்த இதயத் தசை மறுபடி வளர்வதில்லை. அந்த இடத்தில் தழும்பு வரும். தழும்பு சுருங்கி விரியாது.

மனிதர்களிடமும் வரிசை அதுவே. இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியைச் சோதித்த முடிவு 1986-ல் வெளியானது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களிடம் மரணம் 47 சதவீதம் குறைந்தது. 3 மணி நேரத்துக்குள் என்று கணக்கிட்டால் 23 சதவீதம். 3 முதல் 6 மணி நேரத்துக்குள் என்றால் 17 சதவீதம். மருந்து அதேதான். மாறியது கடிகாரம்.

இந்தியாவில் அந்தக் கடிகாரம் என்ன காட்டுகிறது? கிரியேட் என்ற பதிவேடு 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு வந்த 20,937 மாரடைப்பு, நிலையற்ற நெஞ்சுவலி நோயாளிகளைப் பதிவு செய்தது. 2008-ல் வெளியானது. வந்தவர்களில் 60.6 சதவீதம் பேருக்குக் குழாய் முழுவதும் அடைபட்ட மாரடைப்பு. அவர்கள் வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். பாதிப் பேர் அதற்கும் பின்னால் வந்தார்கள். வாசலிலிருந்து ஊசிக்கு ஆன நேரம் 50 நிமிடம். மருத்துவமனையின் கையில் இருந்தது 50 நிமிடம், வீட்டின் கையிலும் சாலையின் கையிலும் இருந்தது 360 நிமிடம்.

அந்தக் கணக்கு எடுக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இல்லை. 2008 செப்டம்பரில் வந்தது. ஆனால் 108 அழைத்தால்தான் வரும். தாமதத்தின் பெரும்பகுதி அழைப்புக்கு முன்னால் நடக்கிறது. நெஞ்சு எரிகிறது, ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, கேஸ்தான் என்று சோடாவோ ஓமத் தண்ணீரோ குடித்துப் படுப்பதில் இரண்டு மணி நேரம் போகும். சர்க்கரை நோய் நாள்பட்டவருக்கு நரம்பு மங்கியிருப்பதால் வலியே தெரியாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் வரலாம். சூளைப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு வியர்வை ஓர் அறிகுறியாகவே தோன்றாது. உருப்படிக் கூலிக்கு வேலை செய்பவர் பாதி நாளில் எழுந்து போனால் மீதி நாளின் கூலி இல்லை. பொழுது சாயட்டும் என்று இருப்பார்.

பிறகு தூரம். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 45 கிலோமீட்டர். கடலூர் சுமார் 60. புதுச்சேரி ஜிப்மர் சுமார் 80. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் 80 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழாயை பலூன் விட்டுத் திறந்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையை, நோயைக் கண்டறிந்த 120 நிமிடத்துக்குள் செய்ய முடியாது என்றால், முதலில் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்பதே மருத்துவ விதி. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எடுக்கும் முதல் இசிஜி இதனால் முக்கியமாகிறது. அதைத் தாண்டி நேராகப் பெரிய ஊருக்குக் காரில் விரைவது வேகம்போலத் தோன்றும். கணக்கில் அது தாமதமாக முடியலாம்.

தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைக்கிறது. துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்கும். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவருக்கு அவற்றை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதற்குப் பின்னால் வலுவான சான்று இருக்கிறது. 17,187 நோயாளிகளிடம் நடந்து 1988-ல் வெளியான சோதனையில் ஆஸ்பிரின் மட்டுமே மரணத்தை 23 சதவீதம் குறைத்தது. ஆனால் இந்த மாத்திரைகள் அடைப்பைத் திறப்பதில்லை. கட்டி மேலும் வளராமல் தடுக்கின்றன. அடுத்த ஊருக்குப் போகும் தேவை அப்படியே இருக்கிறது.

கிரியேட் பதிவேட்டில் இன்னொரு வரி உண்டு. 30 நாளில் இறந்தவர்கள், வசதி படைத்தவர்களில் 5.5 சதவீதம். ஏழைகளில் 8.2 சதவீதம். வயது, சர்க்கரை, புகை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் வேறுபாடு நின்றது. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்ததும் வேறுபாடு மறைந்தது. ஏழையின் இதயம் பலவீனமாக இருந்ததால் அவர் சாகவில்லை.

உலக அளவிலும் இதே வடிவம் தெரிகிறது. 17 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வின் 2014 முடிவுப்படி, அபாயக் காரணிகள் அதிகம் இருந்தது பணக்கார நாடுகளில். பெரிய இதய, ரத்தக்குழாய் நிகழ்வுக்குப் பிறகு இறந்தவர்கள் அங்கே 6.5 சதவீதம். இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளின் குழுவில் 17.3 சதவீதம்.

தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, ஆம்புலன்ஸையும் இசிஜியையும் ஒரே வலையில் கோத்த முயற்சி ஒன்று நடந்தது. 2,420 முழு அடைப்பு நோயாளிகளின் முடிவு 2017-ல் வெளியானது. இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். பின் 14.2 சதவீதம். மதிக்க வேண்டிய முன்னேற்றம். மேம்பட்ட ஏற்பாட்டிலும் ஏழு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்தார் என்பதும் அதே எண்தான். கிரியேட்டில் முழு அடைப்பு நோயாளிகளின் 30 நாள் மரணம் 8.6 சதவீதம். இரண்டும் வேறு வேறு ஆய்வுகள். இருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயிரிழப்பு 30-ஆம் நாளோடு நிற்கவில்லை என்பது தெரிகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கி வீடு திரும்பிய பிறகும் அது நடக்கிறது.

அதில் மனத்தின் பங்கு என்ன? கனடாவின் மான்ட்ரியலில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை, நிகழ்வு நடந்து 5 முதல் 15 நாளுக்குள் பேட்டி கண்டார்கள். 35 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. ஆறு மாதம் காத்திருந்தார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களில் 3 சதவீதம் பேர் இறந்தார்கள். இருந்தவர்களில் 17 சதவீதம் பேர். 1993-ல் வெளியான இந்த முடிவு, மனச்சோர்வை இதயத்தின் பம்பு பலவீனத்துக்கும் பழைய மாரடைப்புக்கும் நிகரான அபாயமாக வைத்தது. பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இறக்கும் அபாயம் 2 மடங்குக்குச் சற்று மேல் என்று தெரிந்தது. மாரடைப்புக்குப் பின் மருத்துவமனையில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. 2014-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் அறிவியல் அறிக்கை, இதய நிகழ்வுக்குப் பிறகு மனச்சோர்வை ஓர் அபாயக் காரணியாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மனம் ரத்தக்குழாயைத் தொடுவதைப் படம்பிடித்தும் காட்டியிருக்கிறார்கள். இதயத் தமனி நோய் உள்ள 918 பேரைச் சிலர் முன்னால் எழுந்து பேசச் சொல்லி, அப்போது இதயத்துக்குப் போகும் ரத்தத்தைப் பதிவு செய்தார்கள். 16 சதவீதம் பேருக்கு இதயத் தசையின் ஒரு பகுதியில் ரத்தம் குறைந்தது. அவர்கள் நடக்கவில்லை, ஓடவில்லை. 2021-ல் வெளியான இந்த ஆய்வில், பின்தொடர்ந்த சுமார் 5 ஆண்டுகளில் அவர்களுக்கு மாரடைப்போ இதய மரணமோ நேரும் அபாயம் 2.5 மடங்காக இருந்தது.

ஆனால் பெரும் பங்கு இதைவிடச் சாதாரணமான வழியில் போகிறது. இதயத் தமனி நோய் உள்ள 1,017 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதய நிகழ்வு 31 சதவீதம் அதிகம். உடலை அசைக்காதது, மருந்து தவறுவது, புகைப்பது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த 31 சதவீதம் கரைந்துபோனது. உடலசைவு இல்லாமைக்கு மட்டும் 44 சதவீதக் கூடுதல். இதே நோயாளிகளில் மருந்தைச் சொன்னபடி எடுக்காதவர்கள், மனச்சோர்வு உள்ளவர்களில் 14 சதவீதம், இல்லாதவர்களில் 5 சதவீதம்.

மருந்து தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. மாரடைப்புக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 500 பேரில் 13.6 சதவீதம் பேர் குளோபிடோகிரல் வகை மாத்திரையை முதல் மாதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அடுத்த 11 மாதத்தில், தொடர்ந்து எடுத்தவர்களில் 0.7 சதவீதம் பேர் இறந்தார்கள். நிறுத்தியவர்களில் 7.5 சதவீதம் பேர். உள்ளே வைத்த கம்பிவலையின் மேல் ரத்தம் உறையும். பழைய இடத்திலேயே, பழையபடி. பியூர் ஆய்வின் 2011 கணக்கில், ஏழை நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களில் 80.2 சதவீதம் பேர், எடுத்துக்கொள்ள வேண்டிய நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

நம் வீடுகளில் இது இப்படித்தான் தெரியும். ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவர் முன்போலப் பேசுவதில்லை. டிவி ஓடும், பார்ப்பதில்லை. காலை 4 மணிக்கே விழித்துக்கொள்வார். பெரிய ஆபரேஷன் ஆயிற்றே, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள். கடைக்குப் போகவேண்டாம், மாடி ஏறவேண்டாம், வேலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அன்பால் செய்வது அது. மருத்துவர் நடக்கச் சொன்ன பிறகும் தொடரும் அந்த ஓய்வு, மேலே சொன்ன 44 சதவீதத்துக்குள் வருகிறது. இரண்டாம் மாதம் மாத்திரை தீரும். மூன்றாம் மாதம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒன்றிரண்டு விடுபடும். அவரிடம் அதைக் கேட்கும் ஆள் வீட்டிலும் இருப்பதில்லை, பரிசோதனை அறையிலும் இருப்பதில்லை. 2015-16-ல் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 85.2 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை.

சிகிச்சை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்லவும் முடியாது. மாரடைப்பு கண்ட 2,481 பேரிடம் 2003-ல் முடிந்த ஒரு பெரிய சோதனையில், ஆலோசனைச் சிகிச்சையாலும் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்த மருந்தாலும் மனம் சற்றுத் தேறியது. ஆயுள் கூடவில்லை. 2018-ல் கொரியாவிலிருந்து வந்த முடிவு வேறு. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ கண்டு மனச்சோர்வும் இருந்த 300 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். சுமார் 8 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம் பேருக்கு மரணமோ மறு மாரடைப்போ மறு ஸ்டென்ட்டோ நேர்ந்திருந்தது. மருந்து எடுத்தவர்களில் 40.9 சதவீதம் பேருக்கு. கொடுத்தது ஆறு மாதம் கூட இல்லை.

மனச்சோர்வைக் கண்டறிய இசிஜியோ ஊசியோ தேவையில்லை. உலகெங்கும் முதல் சோதனையாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. கடந்த இரண்டு வாரத்தில், எந்த வேலையிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாள்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இயங்குகிறது. இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.